பழைய காருக்குப் புதிய தலைமுறையின் ஹப்: தையல் எங்கே இருக்கிறது?

காரின் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் டிஸ்க்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு முகம் தெரியும். நடுவில் வட்டமாக ஒரு மேடு, அதைச் சுற்றி நான்கோ ஐந்தோ ஓட்டை. இதுதான் ஹப். சக்கரம் உட்காருவது இதில்தான். இதற்குப் பின்னால் பேரிங், பேரிங்கைத் தாங்கும் நக்கிள் என்கிற இரும்புக் கட்டை, நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் கையான லோயர் ஆர்ம், ஸ்டியரிங்கின் அசைவைக் கொண்டுவரும் கம்பியான டை ராட், ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கடைசியில் காரின் உடம்பில் முடியும்.

இந்த வரிசையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே காரின் அடுத்த தலைமுறையில் வந்த பாகத்தைப் போடுவது பழைய கார்ப் பிரியர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. பெரிய பிரேக் வேண்டும் என்பார்கள், ரிம் கிடைக்கவில்லை என்பார்கள், பழைய பாகம் யானை விலை என்பார்கள். கூடவே, ‘எல்லாம் அப்படியே மாட்டிக்கலாம், போல்ட் போட்டா முடிஞ்சுது’ என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். போல்ட் நுழைந்துவிடும். வண்டி ஓடியும்விடும். எண்பதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினாலோ, பள்ளத்தில் இறங்கும்போது கார் தானாக ஒரு பக்கம் இழுத்தாலோதான் விஷயம் தெரியும்.

சட்டையின் காலர் நைந்துபோனால் டெய்லர் என்ன செய்வார்? துணியின் நடுவில் கத்தரி வைக்க மாட்டார். தையலைப் பிரித்து, காலரை முழுசாக எடுத்து, திருப்பி வைத்துத் தைப்பார். காரிலும் இதே கதைதான். தயாரித்தவரே இரண்டு பாகங்களைச் சேர்த்த இடங்கள் சில இருக்கின்றன. பழைய காரின் தையலும் புதிய காரின் தையலும் எந்த இடத்தில் ஒன்றாக இருக்கின்றனவோ, அங்கேதான் பிரிக்க வேண்டும். அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதல் தையல்: ரிம்மும் ஹப்பும்

இங்கே மூன்று அளவுகள். போல்ட் ஓட்டைகளின் நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் பி.சி.டி. நான்கு ஓட்டையும் 100 மி.மீ. வட்டமும் என்றால் 4×100 என்று எழுதுவார்கள். நான்கு ஓட்டை ஹப்பில் இதை அளப்பது எளிது: எதிரெதிர் ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை என்று ஒன்று கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 70.5 மி.மீ. வந்தால் அது 5×120. 67.2 வந்தால் 5×114.3. 65.8 வந்தால் 5×112.

கடைசி இரண்டையும் பாருங்கள். 114.3 என்பது நாலரை அங்குலம். ஜப்பான் கார்களில் அதிகம். 112 ஜெர்மன் கார்களில். பக்கத்து ஓட்டைகளுக்கு இடையே வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. ரிம்மும் கிட்டத்தட்ட ஏறிவிடும், போல்ட்டும் பல் பிடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் லேசாகச் சாய்ந்தபடி இறுகும். அப்படி இறுகிய போல்ட் என்றைக்குத் தளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கண்ணளவில் ஹப் வாங்கப் போகாதீர்கள்.

இரண்டாவது அளவு நடு ஓட்டை. ஹப்பின் நடு மேட்டில் ரிம்மின் நடு ஓட்டை கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். ஹோண்டா சிவிக்கின் 4×100 ரிம்மில் இந்த ஓட்டை 56.1 மி.மீ. பி.எம்.டபிள்யூ இ30-யின் 4×100 ஹப்பில் மேடு 57.1. போல்ட் வட்டம் ஒன்றேதான், ஆனால் ஒரே ஒரு மில்லிமீட்டரில் ரிம் ஏறாது. லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். தலைகீழாக, ரிம்மின் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் போடலாம். வளையம் போடாமல் விட்டால் அதிர்வு வரும்; வீல் பேலன்ஸ் எத்தனை தடவை செய்தாலும் போகாது.

மூன்றாவது, ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போட்டால், ஹப்பைத் தொடும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். 7 அங்குல ரிம்மின் பாதி 88.9 மி.மீ. ஆஃப்செட் 35 என்றால் ஹப் முகத்திலிருந்து வெளியே 53.9 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். 47 என்றால் 41.9 மட்டும். வித்தியாசம் 12 மி.மீ. இப்போது, நீங்கள் மாட்டும் புதிய தலைமுறை ஹப்பின் முகமே பழையதைவிட 12 மி.மீ. வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 ஆஃப்செட் ரிம் போட்டால் டயர் பழைய இடத்திலேயே நிற்கும். பழைய 35-ஐயே வைத்துக்கொண்டால் டயர் மட்கார்டில் உரசும். இந்தக் கணக்கு ஒரு தாள் வேலை. போடாமல் ரிம் வாங்கியவர்கள் அதற்கு இன்னொரு ரிம் விலை கொடுத்திருக்கிறார்கள்.

இ30-க்குள் இ36

இனி ஒரு நிஜக் காரை எடுத்துக்கொள்வோம். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் இரண்டாம் தலைமுறை இ30, 1982 முதல் 1994 வரை ஒவ்வொரு வடிவத்தில் வந்தது. சாதாரண இ30-க்கு நான்கு போல்ட், 4×100. முன் பிரேக் டிஸ்க் 260 மி.மீ. இதன் பந்தய வாரிசான எம்3-க்கு மட்டும் ஐந்து போல்ட், 5×120, நடு மேடு 72.6 மி.மீ. எல்லோருக்கும் அந்த எம்3 ஹப்தான் ஆசை. ஆனால் எம்3 குறைவாகத்தான் தயாரானது. அதன் பாகங்களின் விலையில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

அடுத்த தலைமுறை இ36, 1990-இல் வந்தது. அதில் எல்லா மாடலுக்கும் 5×120, 72.6. முன் டிஸ்க் பல மாடல்களில் 286 மி.மீ. லட்சக்கணக்கில் ஓடிய கார் என்பதால் பழைய பாகங்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இ30 வைத்திருப்பவர்கள் இ36-இன் பக்கம் திரும்பியது இதனால்தான்.

பின்பக்கத்தை முதலில் பார்ப்போம். கதை அங்கேதான் சுவாரசியம். இ30-யின் பின் சக்கரத்தைத் தாங்குவது செமி டிரெய்லிங் ஆர்ம்: சாய்வாக வைத்த ஒரு பெரிய கை, புஷ் என்கிற இரண்டு ரப்பர் மூட்டுகளில் சப்ஃப்ரேமோடு (காரின் அடியில் உள்ள இரும்புச் சட்டம்) சேரும். இ36-க்கு பி.எம்.டபிள்யூ இதைக் கைவிட்டு, இசட்1 ரோட்ஸ்டரில் முதலில் போட்ட மல்டி லிங்க் அமைப்புக்கு (ஒரே கைக்குப் பதில் பல கைகள்) மாறியது. ஆகவே சாதாரண இ36-இன் பின் சக்கரத்தைத் தாங்கும் பாகம் எதுவும் இ30-யில் ஒட்டாது. வடிவமே வேறு.

ஆனால் 1994-இல் இ36 குடும்பத்தில் காம்பாக்ட் என்று ஒரு குட்டை வால் கார் வந்தது. அடுத்து இசட்3 ரோட்ஸ்டர். இந்த இரண்டுக்கும் பி.எம்.டபிள்யூ பழைய இ30 பாணிப் பின்பக்கத்தையே திரும்ப எடுத்துப் போட்டது. இடமும் மிச்சம், செலவும் மிச்சம். ஹப் மட்டும் புதிய 5×120. அதாவது பெயரளவில் இ36, முதுகுப் பக்கம் இ30. தயாரித்தவரே நமக்காகத் தையலை விட்டுவைத்த மாதிரி ஆகிவிட்டது. காம்பாக்டின் அல்லது இசட்3-யின் டிரெய்லிங் ஆர்மை ஹப், பேரிங், பிரேக்கோடு அப்படியே இறக்கி, இ30-யின் சப்ஃப்ரேமில் அதே இரண்டு புஷ் இடங்களில் ஏற்றலாம்.

தலைமுறையின் பெயரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதும் இதை வைத்துத்தான். ‘இ36 பின் ஹப்’ என்று கேட்டு வாங்கினால் பத்துக்கு ஒன்பது தடவை தப்பான பாகம்தான் கைக்கு வரும். எந்த மாடல், எந்த உடல்வடிவம், எந்த வருஷம் என்று கேட்க வேண்டும்.

பின்பக்கத்தில் பெரிய சிக்கல், டிஃபரன்ஷியலிலிருந்து (இன்ஜின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சக்கரத்துக்கு வரும் ஆக்சில். நான்கு சிலிண்டர் இ30-க்குச் சின்ன டிஃபரன்ஷியல், ஆறு சிலிண்டருக்குப் பெரியது. ஆக்சில் போல்ட் ஆகும் வட்டத் தட்டான ஃபிளாஞ்ச் இரண்டிலும் ஒரே அளவு இல்லை. ஆக்சிலின் வெளிமுனையில் உள்ள ஸ்ப்லைன் பற்களை ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிற ஸ்ப்லைன் பொருந்திய ஸ்ப்லைன் இல்லை.

முன்பக்கம் வேறு மாதிரி. இ30-யில் நக்கிளும் ஸ்ட்ரட் குழாயும் ஒன்றாகவே செய்யப்பட்டவை. ஷாக் அப்சார்பர் அந்தக் குழாய்க்குள் இறங்கும். இ36-இல் நக்கிள் தனி, ஸ்ட்ரட் தனி, நடுவில் போல்ட். அதாவது புதிய காரில் தையல் இருக்கிற இடத்தில் பழைய காரில் முழுத் துணி. நக்கிளை மட்டும் மாற்றலாம் என்கிற பேச்சுக்கே இங்கே இடமில்லை. இன்னும் உள்ளே போக வேண்டும். இ36-இன் ஹப், நக்கிள், பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), டிஸ்க், ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் முனை எல்லாவற்றையும் ஒரு கூட்டுக்குடும்பமாகக் கொண்டுவர வேண்டும். பிரிக்கிற இடம் இரண்டு: கீழே சப்ஃப்ரேம், மேலே ஸ்ட்ரட்டின் தலை காரின் உடம்போடு சேரும் ஸ்ட்ரட் மவுண்ட். கீழே இ36 ஆர்மின் உள்பக்கத்துக் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் இ30-யின் சப்ஃப்ரேமில் உட்காரும். பின்முனை புஷ் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்பதால் நடு விலகிய புஷ் போடுவார்கள். மேலே மவுண்டின் போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகாது, அதற்கென்று தகடு வாங்க வேண்டும். அந்தத் தகட்டில் கேம்பரை (சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு) சரிசெய்ய நீளத் துளை இருந்தால் நல்லது, கட்டாயம் தேவைப்படும்.

286 மி.மீ. டிஸ்க் வந்துவிட்டதால் பழைய 14 அங்குல ரிம்முக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். 15 அங்குலம் குறைந்தபட்சம்.

பேரிங்கைப் பிடுங்கினால்

ஹப்பை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாமே என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். சில கார்களில் நடக்கும். பல கார்களில் ஹப்பும் பேரிங்கும் பிரஸ் போட்டு இறுக்கியவை. புல்லர் போட்டு இழுத்தால் ஹப் வெளியே வரும், ஆனால் பேரிங்கின் உள் ரேஸ், அதாவது உள்வளையம், மட்டும் நக்கிளின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருந்த குண்டுகள் தரையில் உருண்டு ஓடும். அந்த ரேஸை எடுக்க கிரைண்டரால் குறுக்கே ஒரு கோடு அறுத்து, தண்டைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி, உளியை வைத்து ஒரே அடி. ‘டிங்’ என்று பிளந்து கழன்றுவிடும். அறுப்பு கொஞ்சம் ஆழமாகப் போனால் தண்டே காயம், நக்கிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒருமுறை பிடுங்கிய பேரிங்கை மறுபடி போடக் கூடாது. குண்டுகள் வழியாக விசை போயிருக்கும், ரேஸில் கண்ணுக்குத் தெரியாத குழி விழுந்திருக்கும், ஐந்நூறு கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். பழைய ஹப் சல்லிசாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் புதிய பேரிங் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

கூம்பும் கோணமும்

பால் ஜாயின்ட்டின் தண்டு நேரான உருளை இல்லை, கூம்பு. நக்கிளில் உள்ள துளையும் கூம்பு. இரண்டின் சாய்வும் ஒன்றாக இருந்தால்தான் முழுப் பரப்பும் கவ்வும். வேறு தலைமுறை டை ராட்டை இந்த நக்கிளில் போடுகிறீர்கள் என்றால் ஒரு சின்னச் சோதனை: தண்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் முழுக்க மை பூசுங்கள். துளையில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மை மேலிருந்து கீழ்வரை சீராகத் தேய்ந்திருந்தால் கூம்பு ஒன்று. ஒரு முனையில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் அது அந்த ஓரத்தில் மட்டும்தான் கவ்வியிருக்கிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே ஆடும். ஆடி ஆடி ஒருநாள் தண்டு முறியும். முறிவது ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கோணங்களைப் பற்றிப் புத்தகம் போடலாம். தொடக்கத்துக்கு இரண்டு போதும். கார் மேலும் கீழும் ஆடும்போது லோயர் ஆர்ம் ஒரு வில்லில் சுழலும், டை ராட் இன்னொரு வில்லில் சுழலும். தயாரித்தவர் இந்த இரண்டு வில்லும் சேர்ந்தே போகும்படி நீளத்தையும் உயரத்தையும் வைத்திருப்பார். ஆர்ம் ஒரு தலைமுறை, டை ராட் இன்னொரு தலைமுறை என்றால் வில்கள் பிரியும். விளைவு: ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் திரும்பும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஜாக்கியால் நக்கிளை மெல்ல ஏற்றி இறக்கி, டயரின் முன் ஓரம் உள்ளே வெளியே போகிறதா என்று பார்த்தால் ஷெட்டிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, டயர் வெளியே தள்ளிப் போவது. ஸ்டியரிங் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது டயரின் நடுவுக்குப் பக்கத்தில் எங்கோ தொடும். அந்த இடைவெளி கூடினால் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் உதைக்கும். ஹப்பை மாற்றச் சோம்பல்பட்டு, 4×100-ஐ 5×120 ஆக்க 20 மி.மீ. அடாப்டர் தட்டு போடுபவர்களுக்கு நடப்பது இதுதான். பேரிங்குக்கும் கூடுதல் பாரம். நல்ல தட்டு, சரியான போல்ட் என்றால் ஓடத்தான் ஓடுகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரேக்குக்காக ஹப் மாற்றுகிறவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை, பிரேக் பழையதேதானே.

பிரேக் என்றதும் இன்னொன்று. முன்னால் மட்டும் பெரிய பிரேக் போட்டால் பின் பிரேக் சும்மா கூடவே வரும். பின்னால் மட்டும் பெரிதாக்கினால் அதைவிட மோசம்: ஈர ரோட்டில் பின் சக்கரம் முதலில் பூட்டி, கார் பம்பரமாகச் சுற்றும். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் பெடல் இன்னும் கீழே போகும், அப்போது பெடலிலிருந்து பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள காரில் ஹப்போடு வரும் பல் வளையத்தின் பற்களையும் எண்ணிவிடுங்கள். எண்ணிக்கை மாறினால் கம்ப்யூட்டருக்கு அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதாகத் தோன்றும்.

மற்ற கார்களிலும் இதே வழக்கு உண்டு. நிசான் எஸ்13-க்கு 4×114.3, அடுத்து வந்த எஸ்14-இன் ஐந்து போல்ட் ஹப்பை அதில் ஏற்றுவார்கள். பழைய கோல்ஃப் வைத்திருப்பவர்கள் மூன்றாம் தலைமுறை கோல்ஃபின் வி.ஆர்.6 மாடலைத் தேடுவார்கள், ஏனென்றால் அந்தத் தலைமுறையிலேயே சாதாரண மாடலுக்கு 4×100, வி.ஆர்.6-க்கு 5×100. சுபாரு இம்ப்ரெசா எஸ்.டி.ஐ. 2005 மாடலில் 5×100-இலிருந்து 5×114.3-க்கு மாறியது; பெயரும் உடம்பும் அதே, ஒரு வருஷ வித்தியாசத்தில் ரிம் மாறிவிட்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் இப்படி மாற்றினால் பரிசோதனை அமைப்பிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டி, மாற்றத்தைக் காரின் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். எந்தக் காரின் பாகம், எந்த எண் என்று கேட்பார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இங்கே இருக்கிற காரில் செய்ய நினைப்பவர்கள் ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் பேசிவிடுவது உசிதம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், புஷ் போல்ட்டுகளைக் கார் தன் காலில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு நேராக வீல் அலைன்மென்ட். இ30, இ36 இரண்டுக்கும் வீல் போல்ட் இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டை வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். முன் டிஸ்க் எந்த மாடல், பின் பேரிங் எந்த வருஷம், டை ராட் முனை எதிலிருந்து, ஆக்சில் எதிலிருந்து என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்து பிரேக் பேட் வாங்கப் போவீர்கள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து ‘என்ன வண்டி சார்?’ என்பார். முன்பக்கத்துக்கு ஒரு பதில், பின்பக்கத்துக்கு ஒரு பதில், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது மூன்றாவது பதில்.